பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்

மார்ச் 4
இன்றுதான் ‘வாண்டு’ ஒழுங்காக வாயைத் திறந்தது. என் குட்டிக் கணினி மொழிக்கு நான் வைத்த பெயர். 2 + 3 * 4 என்று கொடுத்தால் இதுவரை 20 என்று உளறியது. இன்று 14 என்றது. ஒரு வரியைப் படித்து, பிரித்து, செய்து காட்டும் இன்டர்பிரெட்டரை நானே எழுதிவிட்டேன்! யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. ஆபீசில் பில் போட்டுப் போட்டு மண்டை மழுங்கிவிடக் கூடாதென்று நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை.

அப்பாவிடம் சொன்னேன். “அதெல்லாம் இருக்கட்டும், ஒரு வாய் தண்ணி குடும்மா” என்றார்.

மார்ச் 9
டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு இதயம் பலவீனம், தண்ணீர், காபி, சூப் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர்தான். மீறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். பகலில் தம்பி பார்த்துக்கொள்கிறான், மாலையில் நான். அளவு டம்ளரைக் கண்டாலே அப்பாவுக்கு முகம் சுண்டிவிடுகிறது. தண்ணீரைப் பிடுங்குகிற மகள் நான். சே.

மார்ச் 15
வாண்டுவுக்கு உருப்படியாக ஒரு வேலை. காலை, மதியம், மாலை என்று மூன்று பெயர்கள். குடித்ததைப் போட்டால் மீதியைச் சொல்லும். மதியக் கணக்கைத் தம்பி மெசேஜில் அனுப்புவான், நான் போட வேண்டும். ஒரே தொல்லை — காலையிலேயே மீதியைக் கேட்டால், ‘மதியம்’ காலியாக இருக்கிறதென்று அழுதுகொண்டு நின்றுவிடுகிறது. மதிப்பில்லாத பெயரைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொள்: ஒரே ஒரு வரி சேர்த்தேன். கப்சிப்.

தம்பிக்குக் கிண்டல். “இதுக்கு ஒரு துண்டுப் பேப்பர் போதாதாக்கா?” போடா.

மார்ச் 22
வீட்டுக்கு வந்து மீதியைக் கேட்டேன். நானூறு மில்லி என்றது. நானூறு! பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தேன். எவ்வளவு நாளாயிற்று அப்பா சிரித்து.

மார்ச் 23
ஆஸ்பத்திரி. படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு இழுத்தது. தம்பி தலையில் அடித்துக்கொள்கிறான். “மத்தியானம் ஆசையாக் கேட்டாரேன்னு ரெண்டு கிண்ணம் சூப் குடுத்துட்டேன்க்கா. மெசேஜ் போட்டேனே, பாத்தியா?”

நான் திறக்கவே இல்லை. ஆபீசில் தலைக்கு மேல் வேலை. ‘மதியம்’ காலியாகவே இருந்திருக்கிறது. காலியைப் பூஜ்ஜியமாக்கியது யார்? வாண்டுவா?

மார்ச் 25
அப்பா போய்விட்டார்.

ஏப்ரல் 6
துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம் தம்பி ஒன்றையே சொல்கிறான்: “நான்தான் சூப் குடுத்தேன்.” அவன் தட்டில் போட்டது அப்படியே கிடக்கிறது. நான் பக்கத்திலேயே மரம் மாதிரி நிற்கிறேன். சொல்லித் தொலையேன்டி. ஏன் வாய் வரமாட்டேங்குது?

ஏப்ரல் 8
இன்றும் சொல்லவில்லை.

ஏப்ரல் 19
அந்த ஒரு வரியை அழித்தேன். அன்றைய கணக்கை மறுபடி ஓட்டினேன். வாண்டு பாதியில் நின்றது. திரையில்: ‘மதியம் — தெரியாது.’

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன், திறக்காத மெசேஜ் உட்பட.

‘தெரியாது’ என்பதை விரலால் தொட்டான். “அன்னிக்கே இப்படி நின்னிருந்தா?”

“உனக்கு போன் பண்ணிக் கேட்டிருப்பேன்.”

கத்துவான் என்று நினைத்தேன். எழுந்து போனான். வாசற்படியில் நின்று, திரும்பாமலே கேட்டான்: “அந்தத் தண்ணிய... முழுசாக் குடிச்சாரா?”

“முழுசா. டம்ளரைக் கவுத்துக் காட்டினார்டா, சின்னப் பிள்ளை மாதிரி.”