பள்ளிக்கூடம் கொடுத்த வீட்டின் கதவு

சார்,

போன வாரம் ஸ்ரீரங்கத்தில், அம்மாமண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில் கதவுப் பூட்டு மாட்டும் வேலை. அட்டைப்பெட்டியைப் பிரித்ததும் புது ரப்பரும் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. அதே பூட்டு. வெளிப்பக்கம் பத்து எண்கள், ஒரு சின்னப் பச்சை விளக்கு. உள்பக்கம் ஒரு பொத்தான். கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். விடுதிக்காரர் வந்து, எல்லா ரூமையும் திறக்கிற மாதிரித் தனக்கு ஒரு நம்பர் வேண்டும் என்றார். உள்ளே ஆள் இருந்து பொத்தானை அழுத்தியிருந்தாலும் திறக்க வேண்டுமாம். முடியாது என்றேன். மெஷினில் முடியாதா என்று கேட்டார். மெஷினில் முடியும், நான் செய்ய மாட்டேன் என்றேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அந்த வேறு ஆள் இந்நேரம் அதைச் செய்து கொடுத்திருப்பான். நான் அந்தப் பதிலைச் சொல்லியிருக்க வேண்டிய இடம் ஸ்ரீரங்கம் இல்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். எழுதாமல் இருப்பதும் அலுத்துவிட்டது.

வளைகுடாவில் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் கணக்கு வாத்தியார். நான் கம்ப்யூட்டர் லேபைப் பார்க்கப் போனவன். நீங்கள் மன்னார்புரம், நான் ஸ்ரீரங்கம். ஒரே ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்று யாரோ நினைத்து நம்மை ஒரே வீட்டில் போட்டார்கள். ஆளுக்கொரு அறை, பொதுவாக ஒரு கூடம், ஒரு சமையலறை. வாடகை கிடையாது, கரண்டுக்குக் காசு கிடையாது, ஏசி, துணி துவைக்கிற மெஷின், இன்டர்நெட், வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்வர பஸ். வேலைக்கு எடுக்கும்போதே இந்தப் பட்டியலைத்தான் முதலில் படித்துக் காட்டினார்கள். சம்பளத்தைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை.

உங்களோடு ஒரு வீட்டில் இருப்பது சுலபம் இல்லை, சார். குளியலறைக்குள் போனால் அரை மணி நேரம். ரசத்தில் பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போடுவீர்கள். கேட்டால், “வேணுங்கிறவங்க கடிச்சுக்கட்டும் தம்பி” என்பீர்கள். எனக்குப் பொறுமை குறைவு. சில நாள் காலையில் உங்களோடு பேசாமலே பள்ளிக்குப் போயிருக்கிறேன். சாயங்காலம் எனக்கும் சேர்த்து டீ போட்டு வைத்திருப்பீர்கள்.

வியாழக்கிழமை தோறும் குடியிருப்பு மேற்பார்வையாளர் வருவார். அறையில் அடுப்பு வைத்திருக்கிறோமா, வெளியாள் தங்குகிறானா, கட்டிலுக்கு அடியில் என்ன என்றெல்லாம் பார்ப்பார். பிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். நீங்கள் அவருக்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்தீர்கள். “பொண்ணு குடுத்த வீடு மாதிரில்ல வர்றாரு. பலகாரம் வைக்காம விட்டா கோவிச்சுக்கப் போறாரு.” அந்தப் பேர் கட்டடம் முழுக்கப் பரவியது. அந்த மனிதருக்கு மட்டும் கடைசிவரை தெரியாது.

அப்போதெல்லாம் அறைக்குள் பழைய தாழ்ப்பாள் இருந்தது. மாப்பிள்ளை தட்டுவார், நாம் திறப்போம். ஒரு நாள் ஆபீஸில் என்னைக் கூப்பிட்டு, தாழ்ப்பாளையெல்லாம் கழற்றிவிட்டு நம்பர் பூட்டு மாட்டப் போவதாகவும், நான்தான் அமைத்துத் தர வேண்டும் என்றும் சொன்னார்கள். வேலை முடிந்தால் எனக்குத் தனி வீடு. யாரோடும் பகிர வேண்டாம். நான் உடனே சரி என்றேன். எல்லாக் கதவையும் எப்போதும் திறக்கும் நம்பர் ஒன்றை மேற்பார்வையாளருக்குக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன்.

நம் வீட்டுக்கு மாட்டிய அன்றே நீங்கள் கேட்டீர்கள். உள்ளே பொத்தானை அழுத்தினால் அந்த நம்பருக்கும் திறக்காதபடி உங்கள் கதவுக்கு மட்டும் செய்ய முடியுமா என்று. அப்படிச் செய்ய அந்தப் பூட்டில் வழி இருந்தது. ஆனால் ஒரு கதவுக்குச் செய்தால் ஆபீஸுக்குக் காரணம் எழுத வேண்டும், காரணம் எழுதினால் தனி வீடு தள்ளிப்போகும். சிஸ்டத்தில் அந்த வசதி இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம்.

“அப்படி என்ன சார் மறைக்கிறீங்க?”

நீங்கள் கோபப்படவில்லை. “குளிக்கறப்ப தாழ்ப்பாள் போடுறீங்கள்ல தம்பி? உள்ள என்ன திருட்டா பண்றீங்க?” என்றீர்கள். நான் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

தினமும் மாலை ஐந்தரைக்கு நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உங்கள் மனைவியோடு, டீச்சரோடு, போனில் பேசுவது எனக்குத் தெரியும். அவர் மன்னார்புரத்தில் ஏதோ பள்ளியில் வேலை பார்க்கிறவர் என்பது தெரியும். அவருக்குப் புற்றுநோய் என்பது தெரியாது. நீங்கள் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, புதிதாக வந்த இரண்டு ஆசிரியர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்ட மாப்பிள்ளை வந்தார். மணி ஐந்தே முக்கால். கூடத்தில் இருந்த நானும் பின்னால் போனேன். அவர் உங்கள் கதவைத் தட்டவில்லை. நம்பரை அடித்தார், பச்சை விளக்கு எரிந்தது, கதவு திறந்துகொண்டது. நீங்கள் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தீர்கள். எதிரே மேசையில் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த போன். அதில் டீச்சர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையில் துணி இல்லை. தலையில் முடியும் இல்லை. நீங்கள் திரும்புவதற்கு முன்னால் அவர் எங்களைப் பார்த்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கித் தலையை மூடினார். இரண்டு கை போதவில்லை. பிறகு திரை அணைந்தது.

மாப்பிள்ளை ஸாரி சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போகவில்லை. அலமாரி எவ்வளவு பெரிது என்று புது ஆசிரியர்களுக்குத் திறந்து காட்டிவிட்டுத்தான் போனார்.

அவர்கள் போன பிறகு நீங்கள் சொன்னீர்கள். மருந்து ஏற்றுவதில் முடி போய்விட்டது. கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் டீச்சரின் தங்கைகூட அந்தத் தலையைப் பார்த்ததில்லை. தூங்கும்போதும் துணி கட்டியிருப்பார். உங்களோடு பேசும் அந்த ஒரு மணி நேரம் மட்டும்தான் அவிழ்த்து வைப்பார். சொல்லிவிட்டு மேசையில் இருந்த பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தீர்கள்.

நான் யாரையும் கேட்காமல் லேப்டாப்பைக் கொண்டுவந்து உங்கள் பூட்டை மாற்றினேன். ஐந்து நிமிடம். முடிந்ததும் நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். “முடிஞ்சுதா தம்பி?” என்றீர்கள். முடிந்தது என்றேன். வேறு ஒன்றும் நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு டீச்சர் முகத்தைக் காட்டிப் பேசவே இல்லை. ஏழு மாதம். நீங்கள் அதே ஐந்தரைக்கு உள்ளே போய்ப் பொத்தானை அழுத்திவிட்டு, போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பீர்கள். பூட்டு இப்போது சரியாக வேலை செய்தது. உள்ளே பார்க்க எதுவும் இல்லை. எனக்குத் தனி வீடு வந்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் பெட்டியின் ஒரு பக்கத்தை நீங்கள்தான் பிடித்துத் தூக்கி வந்தீர்கள்.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போனவர் அங்கிருந்தே ராஜினாமாவை அனுப்பினீர்கள். நாலு மாதத்தில் உங்களுக்கு நெஞ்சுவலி. டீச்சர் பிழைத்துக்கொண்டார், நீங்கள் போய்விட்டீர்கள். செய்தி வந்த அன்று நான் லேபில் பிரிண்டர் சரி செய்துகொண்டிருந்தேன். சாவுக்கு வரவில்லை. ஊரோடு திரும்பி வந்து ஒரு வருடம் ஆகிறது. மன்னார்புரம் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். இறங்கியதில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் கூப்பிட்டார். என் நம்பர் எப்படிக் கிடைத்தது என்று தெரியவில்லை. ஒரு வேலை இருக்கிறது, வந்து போக முடியுமா என்றார். போனேன். கதவைத் திறந்தவரின் தலையில் துணி இல்லை. நரைத்த முடி சுருட்டை சுருட்டையாகக் கழுத்துவரை வளர்ந்திருந்தது. உட்காரும் முன்பே சொல்லிவிட்டேன், அந்தப் பூட்டை நான் முன்னாலேயே மாற்றியிருக்கலாம், முடியாது என்று உங்களிடம் பொய் சொன்னேன் என்று.

“தெரியும். அவரு அன்னைக்கே சொன்னாரு.”

“திட்டினாரா டீச்சர்?”

“அவரு எங்க திட்டினாரு. நாந்தான் உங்களத் திட்டுனேன், ஏழு மாசமும். காபி ஆறுது, குடிங்க.”

பிறகு உங்கள் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். அதைத் திறக்கும் நம்பர் யாருக்கும் தெரியாது. அப்பாவின் படங்கள் வேண்டும் என்று உங்கள் மகன் மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் திறக்கக் கொடுத்திருக்கிறான். டீச்சர் ஆட்டோ பிடித்துப் போய்க் கடைக்காரரோடு சண்டை போட்டுத் திரும்ப வாங்கி வந்திருக்கிறார்.

“பேசறப்ப என்னப் படம் புடிச்சு வச்சுக்குவாரு தம்பி. எனக்குத் தெரியும். வேணாம்னு நான் சொன்னதில்ல. அதெல்லாம் இதுல இருக்கு.” போனை என் பக்கம் தள்ளினார். “தெறக்காம அழிக்க முடியுமா?”

முடியும் என்றேன். ஆனால் எல்லாம் போய்விடும், பையன் கேட்ட உங்கள் படங்களும் சேர்த்து என்றேன்.

“அவரு கொரலுமா?”

“குரலும்தான் டீச்சர். ஒண்ணும் மிஞ்சாது.”

அவர் உள்ளே போய்விட்டார். குழாய்ச் சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவினார் என்று நினைக்கிறேன், ரொம்ப நேரம். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “அவருக்குக் காட்டுனது அவரோட போகட்டும். பையன்கிட்ட நான் சொல்லிக்கறேன்” என்றார்.

எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்று நான் சொன்னேன். அழுத்தியது அவர். திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். சத்தமே இல்லாமல் முடிந்தது.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். “அவரும் போயிட்டாரு, படமும் போயிடுச்சு. அன்னைக்கு அங்க நின்ன மத்தவங்க மறந்திருப்பாங்க. நீங்க மறந்திருக்க மாட்டீங்க, இல்ல?”

மறக்கவில்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

கையைத் தூக்கி மூடுவதற்கு முன்னால், எங்களைப் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்னால், டீச்சர் சிரித்துக்கொண்டிருந்தார், சார். நீங்கள் என்ன சொன்னீர்களோ தெரியாது. ஒரு கீரைத் தண்டைப் பிடித்தபடி, வாய் திறந்து, கண் இடுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். அது உங்களுக்காகச் சிரித்தது. இப்போது அது என்னிடம் மட்டும்தான் இருக்கிறது.