எதிர்நாயகனும் சூட்கேஸ் சக்கரமும்

மார்ச் 3, செவ்வாய்

மருத்துவமனை லிஃப்ட்டுக்குக் கம்பிவடம் மாற்றிவிட்டு வந்தேன். இடுப்பு கழன்றுவிட்டது. நர்ஸ் டியூட்டி முடிந்து வந்த மனைவி, மேஜையில் நோட்டு வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். நூலகத்தில் சனிக்கிழமை நடக்கும் கதை வகுப்பின் வீட்டுப்பாடமாம். என்னைக் கண்டதும் மூடினாள். ஏன் மூட வேண்டும்?

மார்ச் 5

அவள் குளிக்கப் போன நேரத்தில் பார்த்துவிட்டேன். தப்புதான். கட்டம் போட்டு எழுதியிருக்கிறாள். கதைக்களம்: மூன்றாம் மாடி வீடு. நாயகி: வயது நாற்பத்திரண்டு. எதிர்நாயகன்: ஈரத் துண்டைக் கட்டிலில் போடுபவன், அவள் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுபவன். முடிவு: அவள் சூட்கேஸை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள்.

நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. கட்டிலைப் பார்த்தேன். துண்டு கிடந்தது.

மார்ச் 6

வில்லனாம் நான். பத்தொன்பது வருஷம் ஓடி ஓடி உழைச்சதுக்கு நல்ல பட்டம்.

மார்ச் 8

துண்டைக் கொடியில் போட்டேன். "உடம்பு சரியில்லையா?" என்றாள்.

மார்ச் 10

நோட்டில் புதுப் பக்கம்: "முன்னறிகுறி". பின்னால் நடக்கப்போவதை முன்பே லேசாகக் காட்டிவைப்பதாம். படித்ததிலிருந்து நிம்மதி போச்சு. புதுச் செருப்பு வாங்கியிருக்கிறாள் — எதுக்கு? பரணில் இருந்த சூட்கேஸ் கீழே வந்திருக்கிறது — எதுக்கு? கேட்டால் தூசி தட்டினாளாம். எனக்கே காது குத்துறா.

மார்ச் 11

அவள் கடைக்குப் போனதும் சூட்கேஸின் ஒரு சக்கரத்தைக் கழற்றி என் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டேன். நாலு ஸ்க்ரூ, ரெண்டு நிமிஷம். ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறேன், எங்கள் கட்டடத்தில் கிடையாது. படியில் எப்படியோ இறக்கினாலும், பஸ் நிறுத்தம் வரை எப்படி இழுப்பாள்? பார்ப்போம்.

மார்ச் 14, சனி

வகுப்பு முடிந்து அவள் போன பிறகு, பாடம் எடுக்கும் நூலகரம்மாவைப் பிடித்தேன். எதிர்நாயகன் என்றால் வில்லன்தானே என்று கேட்டேன்.

"கெட்டவரா இருக்கணும்னு இல்லீங்க. நாயகிக்கு ஒண்ணு வேணும். அதுக்குக் குறுக்க நிக்கிறவர், அவ்வளவுதான்."

"நாயகிக்கு என்ன வேணுமாம்?"

அந்தம்மா கண்ணாடியைக் கழற்றினார். "அத என்கிட்டயா கேக்குறீங்க?"

மார்ச் 15

டிவியை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

இப்போது அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். நர்ஸுகளுக்கான பயிற்சி, வேறு ஊரில், ஆறு மாதம். போன வருஷமும் இடம் கிடைத்ததாம்.

"சொல்லத்தான் வந்தேன். நீங்க சத்தத்தக் கூட்டிட்டீங்க."

திரும்பி வருவாயா என்று மட்டும் கேட்டேன்.

"வராம எங்க போகப்போறேன்?"

நம்பலாமா? பயமாத்தான் இருக்கு.

மார்ச் 21

துணி அடுக்கி சூட்கேஸை நிமிர்த்தினாள். ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "சக்கரம் ஒண்ணக் காணோமே," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

கருவிப் பெட்டியோடு தரையில் உட்கார்ந்து மாட்டினேன். நாலுக்கும் எண்ணெய் விட்டேன்.

"கதையோட முடிவ மாத்திட்டியா?" என்றேன்.

"இல்ல. அவ கிளம்புறா. பெட்டிய யாரு கீழ இறக்குறாங்கன்னுதான் இன்னும் எழுதல."

மார்ச் 22, ஞாயிறு

மூன்று மாடி. இடுப்பு கழன்றுவிட்டது.