அறுத்த கோழிக்குப் பரிசோதனை இல்லை

வெள்ளிக்கிழமை இரவு, குறிஞ்சிப்பிட்டி

கோழி ஒன்று தூங்கித் தூங்கி நிற்கிறதென்று நான் கூப்பிட்ட மிருக வைத்தியர் பறவைக் காய்ச்சலுக்கான புதுப் பரிசோதனைப் பட்டையோடு வந்தார். அதில் தங்க நானோ துகள்கள் இருக்கின்றனவாம். கொஞ்சம் வைரஸ் இருந்தாலே சிவப்புக் கோடு விழுமாம். "தூங்கி நிண்ட கோழி எங்க?" என்றார்.

என் கணவரின் உம்மாவான மாமி தயங்கவேயில்லை. "தானாச் செத்தா ஹராமாப் போகுமே, திங்க ஏலாதே டொக்டர், நேத்தே அறுத்துட்டேன்."

"நோய்க் கோழியத் திண்டுட்டு நல்ல கோழியக் காட்டுறீங்களே உம்மா!"

மிச்சக் கோழிகளின் வாயில் பஞ்சுக்குச்சி விட்டுப் பார்த்தார். நோய்க் கோடு விழவில்லை. அறுத்த கோழியைப் பற்றி அது ஒன்றும் சொல்லாதாம். "அறுக்கக்குள்ள பிள்ள பக்கத்துல நிண்டதா?" என்று என்னைக் கேட்டார். மாமியின் முகத்தைப் பார்த்துவிட்டு, இல்லை என்றேன்.

மகள் பக்கத்தில் நின்று அந்தக் கோழியின் இறகுகளைப் பொறுக்கித்தான் விளையாடினாள். இப்போது அவள் உடம்பு இலேசாகச் சுடுகிறது. எனக்குக் கண் சொருகுகிறது. விடிந்ததும் டொக்டரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். மாமி கோபித்தால் கோபிக்கட்டும்.