கறுப்பு பூசிய படம்

என் வெள்ளிமுடிக்காரியே, மலரே,

இருபது வருஷம் கழித்து உனக்கு எழுதுகிறேன். நான்கு வயதில் செத்தவளுக்குக் கடிதமா என்று கேட்பார்கள். கேட்கட்டுமே, எனக்கென்ன?

நீ பிறக்கும்போதே தலைமுடி வெள்ளியாக மினுங்கியது. "வயித்துப்புள்ளக்காரி கிரகணத்துல அரிவாள்மணையில உக்காந்தா இப்படித்தான்" என்றாள் அத்தை. அம்மா அன்று நறுக்கியது நாலு கத்தரிக்காய். அதற்காக இத்தனை வருஷமாகத் தலை குனிந்தே நடக்கிறாள். தினமும் உன் தலையில் கரிசலாங்கண்ணி எண்ணெயை அப்பினாள். காய்ச்சல் இறங்காமலே நீ போன அன்றும் அந்தப் பிசுக்கு தலையில் இருந்தது.

நான் இப்போது சென்னையில் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். செல்லுக்குள் பொதிகளைச் சேரவேண்டிய இடத்துக்கு அனுப்பிவைக்கும் சின்னஞ்சிறு புரதங்கள் உண்டு, ராப் என்று பெயர். ஜி.டி.பி. (GTP) என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை விழித்து வேலை செய்யும். அதை உடைத்ததும் ஓய்ந்துவிடும். அவற்றில் ஒன்றுதான் உனக்கு வாய்க்கவில்லை, குட்டி. முடிக்கான கறுப்பு உன் உடம்பில் இருந்தது, செல்லின் ஓரத்துக்கு வந்து சேரவில்லை. நோயை எதிர்க்கும் செல்களின் ஆயுதமும் அப்படியே உள்ளே கிடந்தது.

வீட்டில் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்த்தோம். அத்தை மகனும் மாமன் மகளுமாகக் கல்யாணம் செய்துகொண்ட அப்பா, அம்மா இருவரிடமும் ஒரே பழுது. இரண்டு பக்கமும் சேர்ந்து உனக்கு வந்துவிட்டது. எனக்கு ஒரு பக்கம் மட்டும் வந்ததால் தப்பித்தேன்.

"தண்ணி வாய்க்கால்ல ஓடுது, கடைமடைக்கு ஏறல. அதானே?" என்றார் அப்பா, கறுப்பு வந்து சேராததை நான் விளக்கியபோது. அதேதான்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை பூவும் பழமுமாகத் தட்டோடு வந்தாள், தன் மகன் செந்திலுக்கு என்னைக் கேட்டு. முடியாது என்றேன். காரணத்தையும் எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"ஊர்ல யாருமே முறையில கட்டிக்கலையா? எந்தப் புள்ளைக்கு என்ன ஆச்சு?"

"உங்க மடியிலதானே மலர் போனா, அத்தை. மறந்துட்டீங்களா?"

செந்தில் மெதுவாகச் சொன்னான்: "எனக்கும் அந்தப் பழுது இருக்கு, அம்மா. டெஸ்ட் எடுத்தாச்சு."

அப்போதுதான் அம்மா தலை நிமிர்ந்தாள். "அப்ப... அந்தக் கத்தரிக்கா இல்லையாடி?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

அம்மா கதறியதைத் தெருவே கேட்டது. தட்டு திரும்பிப் போனது. சொந்தத்தில் பாதிப் பேர் பேசுவதில்லை. போகட்டும், யாருக்கு நஷ்டம்?

கூடத்தில் மாலை போட்ட உன் படம் நினைவிருக்கிறதா? உனக்கு எப்படித் தெரியும், அது நீ போன பிறகு மாட்டியது. ஒரத்தநாட்டு ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி முடிக்குக் கறுப்பு பூசி வாங்கினார்கள். செத்த பிறகும் உன்னை ஒளித்துத்தான் வைத்தோம். நேற்று அம்மாவே பெட்டியிலிருந்து பழைய நெகட்டிவைத் தேடி எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"எம்பொண்ணு எப்படி இருந்தாளோ அப்படியே மாட்டு" என்றாள்.

மாட்டுவேன், மலர். வாசலில் ஏறியதுமே கண்ணில் படுகிற இடத்தில், உன் வெள்ளி முடியோடு. நம் வீட்டுக்கு இனி யார் தட்டோடு வந்தாலும் முதலில் உன்னைப் பார்த்துவிட்டுத்தான் பேச வேண்டும்.

உனக்கு எண்ணெய்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற
உன் அக்கா