வீட்டில் எத்தனை பேர்?

பிஷ்கெக்,
ஜூன் 9

பெர்மெத்தின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் உங்கள் சிகாகோ லாரியும் நலமாக இருக்க வேண்டும். பெர்மெத்துக்குப் பள்ளி விடுமுறை. பாப்ளர் மரங்களின் பஞ்சு பறக்கத் தொடங்கிவிட்டது. ஜன்னலைத் திறந்தால் தேநீர்க் கோப்பையில் வந்து விழுகிறது. ஊரே பாதித் தூக்கத்தில் இருக்கிறது. நானும்தான்.

போனில் பேசும்போதெல்லாம் "உன் பொம்மை ஊர் எப்படி இருக்கு, புரொபசரம்மா?" என்று கிண்டல் செய்வீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். யார் எங்கே குடியிருக்கிறார்கள், எங்கே வேலைக்குப் போகிறார்கள் என்று கணினிக்குச் சொன்னால், எந்தச் சாலை எப்போது நிரம்பும், பஸ் விட்டால் எங்கே புது வீடுகள் எழும்பும் என்று அது சொல்லும். நம் அல்தின்-சாய் குடியிருப்புக்கு பஸ் விடலாமா என்று நகராட்சி என்னிடம்தான் கேட்டிருக்கிறது.

திரையில் ஆளுக்கொரு புள்ளி. காலை ஏழு மணிக்கு நம் தெருக்களிலிருந்து புள்ளிகள் திரண்டு இறங்கின. இப்போது ஓடுகிற வேனில் இடமில்லாமல் பாதிப் பேர் நின்றார்கள். நேரில் போய்ப் பார்த்தால் வேன் காலியாகக் கிடந்தது. டிரைவர் ருஸ்லான், "அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல ஏறுற ஆளுங்கள்ல பத்துப் பேரை இந்தப் பக்கம் அனுப்புங்களேன்" என்றான்.

கணக்கெடுப்புப் படிவங்களோடு வீடு வீடாகப் போனேன். மூன்றாவது வீட்டு தோதுகான், வீட்டில் ஏழு பேர் என்று எழுதியிருந்தாள். இருப்பது நாலு பேர். மகன்கள் மூவரும் மாஸ்கோவில். கேட்டதற்கு, "போகும்போது அவனுங்க கடிச்சு வச்ச ரொட்டி, திரும்பி வந்து மிச்சத்தைத் தின்னணும்னு சுவத்துல தொங்குது, பாரு. உசுரோட இருக்கிற பிள்ளைங்களை நானே இல்லேன்னு எழுதணுமா? படிச்சவ பேசுற பேச்சா இது?" என்று திட்டிவிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். எல்லா வீட்டிலும் இதே கதைதான். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

திருத்தினால் நமக்கு பஸ் கிடைக்காது. பெர்மெத் இன்னொரு குளிர்காலமும் பள்ளிக்குச் சேற்றில் நடப்பாள். ஆனாலும் பொய்க் கணக்கில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

ஊரில் இல்லாதவர்களைக் கணினியிலிருந்து எடுப்பதற்கு முன் ஒரே ஒரு முறை சாயங்காலத்தை ஓடவிட்டுப் பார்த்தேன். ஆறு மணிக்கு எல்லாரும் திரும்பி வந்தார்கள். மாஸ்கோவுக்குப் போனவர்கள், சியோலுக்குப் போனவர்கள், எல்லாரும். ஒவ்வொரு சந்திலும் மெல்ல நுழைந்து, ஒவ்வொரு வீட்டிலும் போய் நின்றார்கள். நம் குடியிருப்பு அப்படி நிறைந்து நான் பார்த்ததே இல்லை. சத்தமில்லாமல் அழுதேன்.

பிறகு ஒவ்வொருவராக எடுத்தேன். எடுக்க வேண்டியவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். மொத்தமாக எடுக்கக் கணினியில் வழி இருக்கிறது, கைதான் வரவில்லை. கடைசிப் படிவம் என் கையெழுத்தில் இருந்தது. வீட்டில் மூன்று பேர். கணவர் காலை ஏழுக்குப் புறப்பட்டு மாலை ஆறரைக்கு வருகிறார். 'வீட்டில் எத்தனை பேர்?' என்ற அந்தக் கேள்வியைத் தயாரித்தவளே நான்தான்.

நானூற்றுப் பதினொரு பேரை எடுத்துவிட்டேன். அறிக்கை ஜூலை முதல் தேதி போக வேண்டும். ஆறு வருடமாக "அடுத்த வருஷம்" என்கிறீர்கள். வருவதாக இருந்தால் உங்களை அப்படியே விட்டுவைக்கிறேன். இல்லையென்றால் அதை நீங்களே எழுதுங்கள். நானாக எடுக்க மாட்டேன்.

நம் ஊரில் வழியனுப்பும்போது சொல்வதுபோல, உங்கள் வழி வெண்மையாக இருக்கட்டும். அது இந்தப் பக்கம் திரும்பட்டும்.

தங்கள்,
சோல்பொன்