சனிக்கிழமை நோட்டில் எழுதிய பொய்

திருவண்ணாமலை
19-2-1984

அன்பு மகள் செங்கமலத்துக்கு உன் அம்மா எழுதுவது. அண்ணாமலையார் புண்ணியத்தில் நானும் தருமன் மாமாவும் வேதாவும் இங்கே நல்ல சுகம், நாக்பூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்பதுதான் எங்கள் கவலை. காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ, நர்சுக்கே ஜலதோஷம் என்றால் நோயாளிகள் சிரிப்பார்கள்.

என்னைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. அப்பா இறந்ததும் பக்தி பக்தி என்று நான் போய்ச் சேர்ந்தேனே, அந்தக் கூடத்திலிருந்து மாமா என்னை வேர்க்கடலை லாரியில் ஏற்றிக் கூட்டிவந்து எட்டு மாதம் ஆகிறது, அதற்குள் ரவிக்கை எல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாகிவிட்டது. அங்கே மூன்று வருஷம் உப்பில்லாத கஞ்சி குடித்ததற்கு எல்லாம் சேர்த்து இங்கே ஊறுகாய் ஜாஸ்தி போட்டுக்கொள்கிறேன் என்று வேதா ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள், நான் ஸ்டூல் போட்டு எடுக்கிறேன். முதல் மாதம் மட்டும் அவளை ரொம்பப் படுத்திவிட்டேன். தண்ணீர் குடிக்கலாமா, படுக்கலாமா என்று அவளிடம் கேட்டுக் கேட்டு நிற்பேன், சாப்பிட்டதும் தட்டைக் கழுவி அவள் முன்னால் நீட்டுவேன், அங்கே ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் மறுநாள் பட்டினி. பாவம், அவள் பயந்துபோய் உட்காருங்கக்கா என்று அழுவாள். இப்போது பரவாயில்லை, ஆனால் அந்தப் பழக்கம் முழுக்கப் போகவில்லை. போன வாரம் கீழ்பென்னாத்தூரில் பஸ் நின்றதும் கண்டக்டரிடம் இறங்கலாமா என்று கேட்டுவிட்டேன், உங்க ஸ்டாப்புதானம்மா, இறங்குங்க, நான் இன்னா உங்க கையப் புடிச்சினா இருக்கேன் என்றான், பஸ்ஸே சிரித்தது, நானும் சிரித்துவிட்டேன்.

அந்த ஊருக்கு எதற்குப் போனேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போன கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், அப்பா இறந்துபோன அன்றைக்கு அவருடைய மத்தியான மாத்திரையை நிஜமாகவே நான் மறந்துவிட்டேனா, ராணியம்மாள் அத்தை சொன்னதை யோசித்து யோசித்து எனக்கே சந்தேகமாக இருக்கிறது என்று. அதைப் படித்துவிட்டு நான் சாப்பிடவில்லை, வேதா ஊறுகாய்தான் வேலையைக் காட்டிவிட்டது என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள். நீ மறக்கவில்லை கண்ணு. அந்தக் கதையைக் கட்டியது அத்தை இல்லை, நான்.

கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஒரு நோட்டில் எழுத வேண்டும், நாம் செய்த குற்றம் ஒன்று, நம் சொந்தக்காரர் செய்த குற்றம் ஒன்று. எழுதாவிட்டால் அன்றைக்குச் சோறு கிடையாது, மறுநாள் உச்சி வெயிலில் கடலைக் கொல்லையில் நிற்க வேண்டும். எனக்குத் தெரிந்த குற்றமெல்லாம் ஆறே மாதத்தில் தீர்ந்துபோயிற்று, அடுத்த வீட்டு வெல்லத்தைத் தின்றதுவரை எழுதியாயிற்று. இதெல்லாம் சின்னது, உன் மகளைப் பற்றி எதையோ மறைக்கிறாய் என்று அங்கே தலைவராக இருந்த ஐயா இரண்டு வாரம் என்னை வெயிலில் நிறுத்தினார். மூன்றாவது வாரம், நீ அப்பாவுக்கு மாத்திரை கொடுக்காமல் மேட்னி ஷோவுக்குப் போய்விட்டாய், அதனால்தான் அவர் போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். அதை எல்லோர் முன்னாலும் என்னையே நாலு தடவை படிக்கச் சொன்னார். அன்றைக்குச் சோறு போட்டார்கள், நானும் சாப்பிட்டேன், இதை எழுத வெட்கமாக இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே அப்படித்தான் நடந்ததோ என்று ஆகிவிட்டது. உள்ளே இருக்கிறவர்களுக்கு வெளியே ஒரு சொந்தமும் இருக்கக் கூடாது என்பது அவர் கணக்கு, ஆள் விட்டு அத்தைக்கும் சொல்லி அனுப்பிவிட்டார். என் தம்பியைக் கொன்னவ என்று அத்தை உன் முகத்தில் கதவைச் சாத்தியதும், நீ ரயில் ஏறியதும் அதற்கு அப்புறம்தான்.

போன வாரம் அத்தை வீட்டு வாசலில் கடலை காய்ந்துகொண்டிருந்தது, கூலிப் பெண்கள் நாலு பேர் இருந்தார்கள், அவர்கள் காதிலும் விழட்டும் என்று நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை முறத்தைக் கீழே போட்டாள். உன்ன அடிக்கிறதா சோறு போடறதான்னே தெரியலியேடி சந்திரா என்றாள். இரண்டையும் செய்தாள். முதுகில் நாலு வைத்தாள், அப்புறம் சாதம் வடித்து முருங்கைக்கீரை பொரியல் வைத்தாள், புள்ளைய இன்னா வார்த்தை சொல்லிட்டேன் என்று பரிமாறிக்கொண்டே அழுதாள். உனக்காக ஒரு படி கடலை வறுத்துக் கொடுத்திருக்கிறாள், பார்சலில் வரும், நாங்கள் எடுத்தது போக மீதி.

இப்போது நடந்ததைக் கேட்டுக்கொள். நீ மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துக் கொடுத்தாய். கசக்குதுடி என்று அப்பா உன்னைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்று சிரித்தேன். முழுக்க விழுங்கினார், என் கண்ணால் பார்த்தேன். அதற்கு அப்புறம்தான் நீ சினிமாவுக்குப் போனாய், அதுவும் பத்து நாளாக அப்பா பக்கத்திலேயே இருக்கிறாயே, போய்விட்டு வா என்று நான்தான் அனுப்பினேன்.

கூடத்தில் ஒருவரை அடித்து முடித்ததும், அடி வாங்கினவர் மன்னித்தேன் என்று உரக்கச் சொல்ல வேண்டும், சொல்லும்வரை விடமாட்டார்கள். அதனால் உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்குக் கை வரவில்லை. உனக்கு என்ன வருகிறதோ அதை எழுது, திட்டு வந்தால் திட்டு. எனக்கு எழுத மனசில்லாவிட்டால் அத்தைக்கு மட்டுமாவது இரண்டு வரி போடு, தபால்காரனை அவள் தினமும் வழிமறிக்கிறாளாம். வெறும் வயிற்றில் காப்பி குடிக்காதே. அண்ணாமலையார் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல தூக்கமும் கொடுக்கட்டும். அப்பா கடைசியாக வாங்கிச் சாப்பிட்டது உன் கையால்தான் செங்கமலம், நாக்கில் தேனோடுதான் போனார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சந்திரம்மாள்