நோட்டில் இருந்த உன் நைனா பெயர்

காசிமேடு
மே 19

அன்பு மகள் வினிதாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தம்பி உதயாவும் எல்லையம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம், நீயும் டொராண்டோவில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய், சொன்னால் நடுவில் பத்துக் கேள்வி கேட்டு அழ வைத்துவிடுவாய், அதனால்தான் எழுத்து. பக்கத்து வீட்டு ஜெரினா மகன் அமான் அங்கே படிக்க வருகிறான், அவன் பெட்டியில் நெத்திலிக் கருவாட்டை மூன்று கவர் சுற்றி வைத்திருக்கிறேன், கடிதமும் அதோடு வரும், வாடை அடித்தால் என்னைத் திட்டாதே.

இங்கே மீன்பிடித் தடைக்காலம், போட்டெல்லாம் கட்டிக் கிடக்கிறது. உதயா இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டு எண்ணெய்க் கையோடு வந்து படுக்கிறான், தலையணை உறையைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆம்பிளைகள் கரையில் இருக்கிற மாதம் என்பதால் ஊர்க்கூட்டமும் இப்போதுதான் போட்டார்கள். விஷயம் நாங்கள் மீன் விற்கிற இடம். வண்டி திரும்ப இடம் போதவில்லை, ஏலக்கூடத்து வாசலிலிருந்து எங்களை எழுப்பி ஐஸ் பேக்டரிக்குப் பின்னால் அனுப்ப வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கலீஜ் தண்ணீரைத் தாண்டி எந்த வாடிக்கைக்காரர் வருவார்? உன்னைப் படிக்க வைத்ததே அந்த வாசல்தான். கை தூக்கி முடிவு செய்வார்களாம், ஆனால் நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், தலைக்கட்டு வரி கட்டுகிற வீட்டுக்கு ஒரு பெயர், அதுவும் கல்யாணமான ஆம்பிளை பெயர். உதயாவுக்கு இன்னும் ஆகவில்லை. விற்பது நாங்கள், கை தூக்குவது அவர்கள்.

போன மாதம் நீ வேலை செய்கிற நூலகத்துப் பழைய பேப்பரில் பார்த்ததாகச் சொன்னாயே, எழுபது எண்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் ஊர் மாநகராட்சித் தேர்தல், புது வருஷத்தன்று பனியில் நடந்து போய் ஓட்டுப் போட்டார்கள் என்று. சொந்த வீடு வைத்திருப்பவரும் முழு வீட்டை வாடகைக்கு எடுத்தவரும்தான் பட்டியலில் ஏறுவார்கள், ஒரு ரூமில் தங்கி வேலைக்குப் போகிறவனுக்கு ஓட்டே கிடையாது, நாலு வார்டில் வீடு இருந்தால் நாலிலும் போடலாம் என்றாய். அப்படியானால் விரலில் எத்தனை மை வைப்பான் என்று கேட்டுச் சிரித்தேன். ஆனால் வீடு தன் பெயரில் இருந்தால் புருஷன் போனவளுக்கும் ஓட்டு உண்டு என்றாய் பார், அது மனசிலேயே நின்றுவிட்டது.

கூட்டத்தன்று நாங்கள் வழக்கம்போல் கோயில் சுவரோரம் நின்றோம். ஊர் வரி நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தது, கணக்கு எழுதுகிற உன் மாமா டில்லிபாபு. உன் நைனா போய் மூன்று வருஷமானாலும் நான் வரியை நிறுத்தவில்லை, மாமாவும் பழக்கதோஷத்தில் ரசீதை அவர் பெயரிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறான். வாசிக்கும்போதும் யோசிக்காமல் தாமோதரன் என்று கூப்பிட்டுவிட்டான். கூப்பிட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் அடுத்த பெயருக்குத் தாவுவதற்குள், அந்த வீட்டுக்கு நான் கீறேன் என்று சொல்லிக்கொண்டே நடுவில் போய் நின்றுவிட்டேன். தைரியம் என்று நினைக்காதே, யோசித்திருந்தால் போயிருக்க மாட்டேன்.

செத்தவன் பேருக்கு நீ இன்னாத்துக்குக் கை தூக்குறே என்று ஒருவர் கத்தினார். வரிய மட்டும் வருசா வருசம் வாங்கிகினீங்களே, அப்போ அவரு செத்தது தெர்லியா என்று கேட்டேன். கனடாவில் அந்தக் காலத்திலேயே புருஷன் இல்லாதவளும் ஓட்டுப் போட்டாளாம், என் பொண்ணு சொல்லிக்கீது என்றும் சொன்னேன். அங்க ஏரியே ஐஸா கீதாம், அந்த ஊரு பேச்சு இங்க எதுக்கு என்று ஒருவர் சொல்ல எல்லோரும் சிரித்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதில் சத்தம் கொஞ்சம் இறங்கியது. பெரியவர்கள் தனியாகப் பேசிவிட்டு வந்து, ஒரு வீட்டுக்கு ஒரு பேர்தான், உன் பேர் ஏறணும்னா அவன் பேரை அடிக்கணும், சம்மதமா என்றார்கள்.

இதை நான் யோசிக்கவே இல்லையடி. ரேஷன் கார்டில் எடுத்தாயிற்று, போட் லைசென்சில் எடுத்தாயிற்று, அவர் இருக்கிறவர் மாதிரி பெயர் இருந்தது அந்த ஒரு நோட்டில்தான். வருஷத்துக்கு ஒரு தரம் ரசீதில் அந்தப் பெயரைப் பார்க்கத்தான் வரி கட்டியிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது. மாமா பக்கம் திரும்பி அடிச்சுக்கோ என்றேன். மாமா கிறுக்காமல் ஸ்கேல் வைத்து ஒரே கோடாக இழுத்தான், மேலே மங்கம்மா என்று எழுதினான். பிறகு கை தூக்கினேன். வாசலை விட வேண்டாம் என்று ஏழு கை அதிகம் விழுந்தது, என் கை இல்லாவிட்டாலும் ஜெயித்திருப்போம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன், மறுநாள் கூடையோடு அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

மாமாவுக்கு ஒரு போன் பண்ணு, என் முகத்தைப் பார்க்கவே சங்கடப்படுகிறான், தப்பு அவனுடையது இல்லை. கருவாடு வறுக்கும்போது ஜன்னலைத் திற. அம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும். ஒன்றை மட்டும் மறக்காதே, அங்கே எல்லோரும் உன்னை மிஸ் தாமோதரன் என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று சொன்னாய், நாளைக்குக் கல்யாணம் ஆனாலும் அந்தப் பெயரை மாற்றிவிடாதே.

உன் அம்மா,
மங்கம்மா